வட்டி திரும்பும், அசல் நிற்கும்: பொறுப்பற்ற கடனுக்கான பிரிட்டிஷ் இழப்பீட்டு முறை பற்றி ஒரு மதிப்பீடு

கடன் வாங்கியவர் திருப்பித் தரவேண்டும் என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்கிறது. அவரால் தாங்க முடியாது என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளும் முயற்சியே இல்லாமலோ கடன் கொடுத்த வங்கி என்ன தரவேண்டும் என்று சொல்லும் சட்டங்கள் சிலவே. அந்தச் சிலவற்றுள் நடைமுறையில் நன்கு அடிபட்டுத் தேறியது பிரிட்டனின் முறை. நீதிமன்றப் படி ஏறாமல், வழக்கறிஞர் இல்லாமல், கட்டணம் இல்லாமல் ஒரு சாதாரணக் கடனாளி வங்கியிடம் இழப்பீடு கேட்டுப் பெறும் வழி அங்கே இருக்கிறது. அந்த வழியைப் புகழ்வோர் உண்டு. வங்கிகளுக்கு இழைக்கப்படும் அநீதி என்போரும் உண்டு. இரு தரப்பையும் நிறுத்திப் பார்க்க மூன்று அளவுகோல்கள் போதும். முறை சரியான கேள்வியைக் கேட்கிறதா? தவறு நிறுவப்பட்டபின் அது தரும் பரிகாரம் தவறுக்கு ஈடானதா? பரிகாரம் உரியவர்கள் எல்லோரையும் எட்டுகிறதா?

முதல் அளவுகோலில் பிரிட்டிஷ் முறை உயர்ந்து நிற்கிறது. நுகர்வோர் கடன்களின் மேற்பார்வை 2014 ஏப்ரலில் நிதி நடத்தை ஆணையத்தின் கைக்கு வந்தது. 2018 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த அதன் திருத்திய விதிகள் இரண்டு இடர்களைத் தெளிவாகப் பிரித்தன. கொடுத்த பணம் வங்கிக்குத் திரும்பாமல் போகலாம் என்பது ஓர் இடர். திருப்பிச் செலுத்தும் முயற்சியில் கடனாளியின் வாழ்வு சீர்குலையலாம் என்பது மற்றோர் இடர். முன்னதை அளக்க எந்த வங்கிக்கும் சட்டம் தேவையில்லை. அது வங்கியின் சொந்த நலன். பின்னதை அளக்க வங்கிக்குத் தானாக எந்தக் காரணமும் இல்லை. வாடகையைத் தள்ளிப்போட்டு, இன்னோர் இடத்தில் கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டுபவர் வங்கியின் ஏட்டில் நல்ல வாடிக்கையாளர், உண்மையில் மூழ்கிக்கொண்டிருப்பவர். இந்த இடைவெளியைக் கண்டு அதன்மேல் கடமையை வைத்ததே பிரிட்டிஷ் விதிகளின் சாதனை.

அந்தக் கடமையை, நீதிமன்றத்துக்கு வெளியே கட்டணமின்றிப் புகார்களைத் தீர்க்கும் நிதிக் குறைதீர்ப்பாளர் மூன்று கேள்விகளாக்கிக் கையாள்கிறார். கடனின் அளவுக்கும் ஆளின் நிலைக்கும் ஏற்ற, நியாயமான சரிபார்ப்பை வங்கி செய்ததா? செய்யவில்லை என்றால், செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? தெரிந்தவற்றை வைத்துப் பார்த்தால் கடன் கொடுக்க எடுத்த முடிவு நேர்மையானதா? இரண்டாவது கேள்விதான் இந்த முறையின் அறிவுக்கூர்மை. சரிபார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வங்கி தோற்பதில்லை. சரிபார்த்திருந்தாலும் கடனைத் தாங்கக்கூடியவர் என்றே தெரிந்திருக்கும் என்றால் புகார் தள்ளுபடி ஆகிறது. வங்கியின் அலட்சியமும் கடனாளியின் துன்பமும் ஒரே வழக்கில் இருந்தால் போதாது. ஒன்று மற்றதற்குக் காரணமாகவும் இருக்கவேண்டும். கோபத்தால் எழுதப்பட்ட சட்டத்தில் இந்த நிதானம் இருக்காது.

‘ஏற்ற சரிபார்ப்பு’ என்பதற்குத் திட்டவட்டமான வரையறை இல்லை என்பது வங்கிகளின் நெடுநாள் குறை. அதில் உண்மை உண்டு. முதல் முறையாகச் சிறுதொகை கேட்பவரிடம் வருமானம் கேட்டு, கடன் வரலாறு பார்த்தால் போதும். அடுத்தடுத்துக் கடன் கேட்பவரிடம், கேட்கும் தொகை ஏறிக்கொண்டே போகிறவரிடம், செலவுக் கணக்கையும் வங்கிப் பட்டியலையும் பார்க்கவேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழும் என்பது தீர்ப்பளிப்பவரைப் பொறுத்தது. ஆனால் மாற்று வழியின் விலையை ஆஸ்திரேலியா காட்டியிருக்கிறது. அங்கே 2009ஆம் ஆண்டின் சட்டம், கடனாளிக்குப் பொருந்தாத கடனைக் கொடுக்கக் கூடாது என்கிறது. வெஸ்ட்பேக் வங்கியின் தானியங்கி முறை, வீட்டுக்கடன் கேட்டவர்கள் தெரிவித்த செலவை விட்டுவிட்டு ஒரு பொதுச் சராசரி அளவீட்டை எடுத்துக்கொண்டது என்று அந்நாட்டுக் கண்காணிப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது; இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கடன்கள் அதில் அடக்கம். 2019 ஆகஸ்டில் ஆணையம் தோற்றது. 2020 ஜூனில் மேல்முறையீட்டிலும் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தோற்றது. செலவு விவரத்தைக் கேட்டு வாங்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாங்கிய விவரத்தை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்று சொல்லவில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஒருவர் இன்று செய்யும் செலவெல்லாம் அவர் நாளை குறைக்கமுடியாத செலவு அல்ல என்ற நீதிபதியின் வாதம் தருக்கமாகச் சரியானது. ஆனால் அந்தத் தருக்கத்தின் முடிவில், தன் முன் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பாராமல் சராசரி மனிதனைப் பார்த்துக் கடன் கொடுக்க வங்கிக்கு அனுமதி கிடைக்கிறது. சொல்லை மட்டும் அளக்கும் நீதிமன்றத்தைவிட, நியாயத்தை அளக்கும் குறைதீர்ப்பாளர் இந்தப் பொருளுக்குப் பொருத்தமானவர். தீர்ப்பின் விளைவை முன்கூட்டிச் சொல்லமுடியாமை அதற்கான விலை. கொடுக்கத் தகுந்த விலை.

கடன் கொடுப்போர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும். இணையத்தில் சம்பளநாள் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு, விண்ணப்பிப்பவர் சொல்வதும் கடன் தகவல் நிறுவனம் சொல்வதும்தான் தெரியும். சம்பளக் கணக்கை வைத்திருக்கும் வங்கிக்கோ எல்லாம் தெரியும். ஓவர்டிராஃப்ட் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அனுமதித்த வரம்பு 2,000 பவுண்டு. மாதம் 27ஆம் தேதி கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே 1,950இல் நிற்கிறது. 28ஆம் தேதி 1,600 பவுண்டு சம்பளம் வருகிறது. கணக்கு கீழே 350. முதல் தேதி வாடகை 750 போகிறது, கீழே 1,100. மளிகை, மின்கட்டணம், வேறு கடன்களின் தவணை, ஓவர்டிராஃப்டுக்கான வட்டி என்று அடுத்த 27ஆம் தேதிக்குள் மீண்டும் 1,950. பன்னிரண்டு மாதங்கள் இப்படியே. ஒரு நாள்கூடக் கணக்கு பூஜ்யத்தைத் தாண்டவில்லை. அவசரத்துக்கு என்று கொடுக்கப்பட்ட வசதி நிரந்தரக் கடனாகிவிட்டது. ஆண்டு முடிவில் வங்கி அந்த வசதியை மறுபரிசீலனை செய்யவேண்டும். தன் ஏட்டிலேயே எழுதப்பட்டிருக்கும் இந்தக் கதையைப் படிக்காமல் புதுப்பித்தால், அல்லது படித்துவிட்டு வரம்பை உயர்த்தினால், அறியாமை என்ற வாதம் வங்கிக்குக் கிடையாது.

இங்கே குறைதீர்ப்பாளரின் நிலைப்பாடு உறுதியானது: பழுது எந்த மறுபரிசீலனையில் தெரிந்திருக்கவேண்டுமோ, அந்தத் தேதியிலிருந்து வங்கி பொறுப்பாகிறது. இது கற்பனைத் துன்பமும் அல்ல. 2016ஆம் ஆண்டில் முன் அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்டுகளிலிருந்து வங்கிகள் ஈட்டிய கட்டணத்தில் பாதிக்கும் மேல் வெறும் 1.5 விழுக்காடு வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது என்று நிதி நடத்தை ஆணையமே கண்டறிந்தது. அதன் விளைவாகவே 2020 ஏப்ரல் முதல் நிலைக்கட்டணங்கள் ஒழிந்து ஒரே வட்டிவீதம் வந்தது. ஒரு சிலரின் தீராத நெருக்கடி ஒரு தொழிலின் வருமானமாக இருந்திருக்கிறது. இழப்பீட்டின் நியாயம் அதிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாவது அளவுகோலில் மதிப்பெண் குறைகிறது. வங்கி தவறு செய்தது என்று முடிவானால், பொறுப்பு தொடங்கும் தேதிக்குப் பிந்தைய வட்டியும் கட்டணமும் நீக்கப்படும். அதிகமாகக் கட்டியிருந்தால் அந்தத் தொகை திரும்பும். அதன்மேல் நெடுங்காலமாக ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி சேர்த்துத் தரப்பட்டு வந்தது. கடன் வரலாற்றில் ஏறிய பாதகக் குறிப்புகளும் உரிய கட்டத்தில் நீக்கப்படும். அசல் மட்டும் நிற்கும். வாங்கிச் செலவழித்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது இதன் தத்துவம். அதில் நேர்மை இருக்கிறது. கடனாளிக்கு ஆதாயம் தருவது இழப்பீட்டின் நோக்கமாக இருக்கமுடியாது. அந்தக் கடன் நடந்திராவிட்டால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அதற்கு இயன்றவரை அருகில் கொண்டுசெல்வதே நோக்கம்.

ஆனால் மேலே கண்ட கணக்கில் இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண் வெளிப்படுகிறது. பாக்கி 1,950 பவுண்டு, நீக்கவேண்டிய வட்டியும் கட்டணமும் 1,200 என்று கொள்வோம். திருத்திய கணக்கில் இன்னும் 750 பாக்கி. கையில் ஒரு பென்னிகூட வராது. தனிவட்டிக்கும் வேலையில்லை. பாதகக் குறிப்பும் பாக்கி தீர்ந்த பிறகே போகும். இதே வங்கி இதே தவறை இன்னொருவரிடம் செய்திருக்கிறது. அவர் உறவினரிடம் வாங்கியோ, நகையை விற்றோ பாக்கி முழுவதையும் கட்டிவிட்டார். அவருக்கு 1,200 பவுண்டும் அதன்மேல் வட்டியும் ரொக்கமாக வரும். மீண்டவருக்குப் பணம், மூழ்கியிருப்பவருக்குக் கணக்குத் திருத்தம்! கணிதப்படி இருவருக்கும் சமநீதிதான். ஆனால் தாங்குதிறனைக் கேள்வியின் மையத்தில் வைத்த ஒரு முறை, பரிகாரம் என்று வரும்போது தாங்குதிறனைக் கண்டுகொள்ளாமல் விடுவது உள்முரண். மீதிப் பாக்கிக்குப் பரிவோடு தவணை வகுக்கவேண்டும் என்ற அறிவுரையும், மனத்துன்பத்துக்காகச் சில வழக்குகளில் தரப்படும் சிறுதொகையும் இந்த முரணைத் தீர்க்கவில்லை.

வங்கியின் பக்கமிருந்து பார்த்தாலும் பரிகாரம் மெலிந்தது. பிடிபட்ட கணக்கில் போகவேண்டியது, தவறான வழியில் வந்த வருமானம் மட்டுமே. பிடிபடாத கணக்குகளில் அந்த வருமானம் அப்படியே இருக்கும். குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஒவ்வொரு வழக்குக்கும் வங்கியிடம் வாங்கும் பல நூறு பவுண்டு கட்டணம் ஓரளவு உறுத்தும். தடுக்கும் அளவுக்கு உறுத்துமா என்பது ஐயம்.

தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டம் இங்கே துணிந்து நடந்தது. சரிபார்க்காமல் கொடுத்த கடன் பொறுப்பற்றது என்று நிறுவப்பட்டால், கடனாளியின் கடப்பாட்டை முழுவதுமோ பகுதியோ நீதிமன்றம் நீக்கலாம், அசலும் தப்பாது. கொடுத்த பணமே போய்விடும் என்ற அச்சம்தான் கொடுப்பவரை நிதானிக்க வைக்கும் என்பது அதன் தருக்கம். ஆயினும் அந்தத் துணிவுக்கு இரண்டு தடைகள். கடனாளி தன் விவரங்களை முழுமையாகவும் உண்மையாகவும் சொல்லவில்லை என்று வங்கி நிறுவினால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வங்கி முற்றாகத் தப்பிக்கலாம். நெருக்கடியில் இருப்பவர் விண்ணப்பத்தில் ஒரு கடனை மறைப்பது அரிதல்ல. நிவாரணம் பெரும்பாலும் நீதிமன்ற வழியே வருவதால், அந்தப் படியை ஏறும் வலிமை உள்ளவருக்கே அது எட்டும். பரிகாரத்தில் தென்னாப்பிரிக்கா உயர்ந்தது. அதை அடையும் வழியில் பிரிட்டன் உயர்ந்தது. ஒன்றின் பலம் மற்றதில் இல்லை.

மூன்றாவது அளவுகோலான எட்டும் தூரத்தில் பிரிட்டிஷ் முறை தொடக்கத்தில் சிறப்பாகவும் முடிவில் பலவீனமாகவும் இருக்கிறது. சிறப்பை முதலில் சொல்லவேண்டும். புகாரை வங்கிக்கு எழுதவேண்டும். எட்டு வாரத்தில் வங்கி விடை தரவேண்டும். விடை திருப்தியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பொதுவாகக் கடன் கொடுத்து ஆறு ஆண்டுக்குள், அது கடந்திருந்தால் குறை இருப்பது தெரிந்த அல்லது தெரிந்திருக்கவேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் புகார் எழுந்திருக்கவேண்டும். இறுதி முடிவைப் புகார்தாரர் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை அவருக்கு அப்படியே இருக்கும். புகார்தாரரின் பெயர் நீக்கி, வங்கியின் பெயரோடு, 2013 முதல் இறுதி முடிவுகள் வெளியிடப்பட்டும் வருகின்றன. அவை முன்தீர்ப்புகளாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் படிப்பவருக்கு அளவுகோல் புலப்படுகிறது.

நீதிமன்ற வழியோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். சன்னி என்ற பெயரில் கடன் கொடுத்த எலிவேட் நிறுவனத்துக்கு எதிராக நூற்றுக்கணக்கானோர் சார்பில் பன்னிரண்டு மாதிரி வழக்குகள் உயர்நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டன. திரும்பத் திரும்பக் கடன் வாங்குவதைக் கவனிக்கத் தவறியது விதிமீறல் என்று 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கொள்கையளவில் அது பெரிய வெற்றி. ஆனால் இங்கே மறுத்திருந்தால் வேறிடத்தில் வாங்கியிருப்பாரா என்ற கேள்வி இழப்பை நிறுவுவதைச் சிக்கலாக்கியது. தீர்ப்புக்கு முன்பே நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போய்விட்டது.

பலவீனம் இரண்டு இடத்தில். முதலாவது, முறை முழுவதும் புகாரை நம்பி நிற்கிறது. கடனில் ஆழ்ந்தவர் பெரும்பாலும் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்பவர். வங்கிக்கும் அதில் பங்குண்டு என்று எண்ணுவதற்கே அவருக்கு ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லவரும் புகார் முகவர்கள் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கிறார்கள். இலவசமாகச் செய்யக்கூடிய காரியத்துக்கு, சிறிய தொகைகளில் 30 விழுக்காடு வரை வாங்க 2022ஆம் ஆண்டின் உச்சவரம்பு விதியே இடம் தருகிறது. பேசத் தெரிந்தவருக்கு நீதி, தெரியாதவருக்கு மௌனம் என்ற நிலையை ஒரு நல்ல முறை ஏற்கக் கூடாது. வேறு வழி இல்லாமலும் இல்லை. 2014 அக்டோபரில் நிதி நடத்தை ஆணையத்தின் தலையீட்டால், சம்பளநாள் கடன் கொடுத்த வோங்கா நிறுவனம் புகாருக்குக் காத்திராமல் 3,30,000 பேரின் சுமார் 22 கோடி பவுண்டு கடனைத் தள்ளுபடி செய்தது. 2018இல் வந்த கிரெடிட் கார்டு விதியும் இதே வகை: பதினெட்டு மாதத்தில் அசலைவிட வட்டியும் கட்டணமும் அதிகமாகக் கட்டியவரை வங்கியே கண்டுபிடித்து அணுகவேண்டும். துறை முழுவதற்கும் இழப்பீட்டுத் திட்டம் ஆணையிடும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. கருவிகள் உண்டு, கையிலெடுக்கும் உறுதிதான் குறைவு.

இரண்டாவது, பரிகாரத்தின் உயிர் கடன் கொடுத்தவரின் உயிரில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் வோங்கா வீழ்ந்தபோது, இழப்பீட்டுக்கு உரியவர் என்று ஏற்கப்பட்டோருக்குக் கடைசியில் பவுண்டுக்கு 4.3 பென்ஸ் வீதமே கிடைத்தது. இது வங்கிகளுக்குப் பொருந்தாத ஆபத்து என்று ஒதுக்கமுடியாது. 1880இல் பிராட்ஃபோர்டில் தொடங்கிய பிராவிடண்ட் குழுமம் வீட்டுவாசல் கடன் தொழிலையும் வேன்க்விஸ் என்ற வங்கியையும் ஒருங்கே நடத்தியது. புகார்கள் பெருகியதும் 2021இல் வீட்டுவாசல் தொழிலை மூடி, 5 கோடி பவுண்டு நிதிக்குள் இழப்பீட்டை அடக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. உரியவர்களுக்குக் கிடைத்தது பவுண்டுக்குச் சில பென்ஸ். வங்கி நலமாக இருந்தது. பிறகு குழுமத்தின் பெயரே அந்த வங்கியின் பெயராயிற்று. ஏற்பாட்டில் ஆணையத்துக்கு உடன்பாடில்லை. ஆனால் நீதிமன்றத்தில் எதிர்க்கவுமில்லை. ஏற்பாடு இல்லாவிட்டால் ஒன்றுமே கிடைக்காது என்ற நிலையில் அது நடைமுறை விவேகம். முறையின் தரத்தை வைத்துப் பார்த்தால் அது தோல்வி.

வங்கிகளின் எதிர்வாதத்துக்கு உரிய எடை தரவேண்டும். இன்றைய அளவுகோலால் நேற்றைய முடிவை அளப்பது அநீதி என்கிறார்கள். இழப்பீட்டு அச்சம் ஏழைகளுக்குக் கடன் கதவை மூடும் என்கிறார்கள். முதல் வாதம் வலுவானது. அந்தந்தக் காலத்து விதிகளையும் நல்ல வழக்கத்தையும் கருத்தில் கொள்ளும் கடமை குறைதீர்ப்பாளருக்கு இருப்பதும் அதனால்தான். இரண்டாவது வாதம் பாதி உண்மை. முறையான கடன் மறுக்கப்பட்டவர் சட்டத்துக்குப் புறம்பான வட்டிக்காரரிடம் போகும் ஆபத்து மெய்யானது. ஆனால் தாங்கமுடியாத கடனை வங்கி கொடுப்பது அதற்கு மருந்தல்ல. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் நிதியமைச்சகம் முன்வைத்த சீர்திருத்தம், ஆணையத்தின் விதிகளைப் பின்பற்றிய நிறுவனம் நியாயமாக நடந்ததாகவே கொள்ளப்படவேண்டும் என்கிறது. புகாருக்குப் பத்தாண்டு இறுதி வரம்பும் வைக்கச் சொல்கிறது. முன்கூட்டித் தெரியும் தன்மை அதனால் கூடும், அது ஆதாயம். ஆனால் விதியின் எழுத்தை நிறைவேற்றிவிட்டு ஆளைப் பாராமல் விடும் வழி திறந்தால், ஆஸ்திரேலியா போய்ச்சேர்ந்த இடத்துக்கே பிரிட்டனும் போய்ச்சேரும்.

இந்திய வாசகர் இந்த மதிப்பீட்டைத் தம் நாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கான நுண்கடனில், மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதி; தெளிவிலும் பிரிட்டிஷ் விதியை மிஞ்சுவது. ஆனால் 2021இல் அதே ரிசர்வ் வங்கி தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், நிறுவனத்தின் வணிக முடிவு பற்றிய புகார்களை ஏற்பதில்லை. கடன் கொடுப்பதைவிட வணிக முடிவு வேறென்ன இருக்கிறது? வரம்பு மீறிக் கொடுத்தால் கடனாளிக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அந்த விதியில் விடை இல்லை. பரிகாரம் இல்லாத விதி, மேற்பார்வையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தாகவே முடியும்.

முடிவாக: கேள்வியின் தரத்தில் பிரிட்டிஷ் முறை பின்பற்றத்தக்கது, கடனாளியின் வாழ்வைத் தனி இடராகக் கண்டதும், காரணத் தொடர்பைக் கேட்டதும் அதன் நிலைத்த சாதனைகள். பரிகாரத்தின் தரத்தில் அது சாதாரணத் தவறுகளுக்குப் போதுமானது, கொடிய தவறுகளுக்குப் போதாது. தன் ஏட்டிலேயே வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு வரம்பை உயர்த்திய வங்கி, அந்த உயர்வின் அசலிலும் பங்கை இழக்கவேண்டும். எட்டும் தூரத்தின் தரத்தில் அது தேறவில்லை. ஒரு கணக்கில் தவறு நிறுவப்பட்டால் அதே வகைக் கணக்குகளை வங்கியே தேடித் திருத்தவேண்டும். துணை நிறுவனத்தை மூடினால் இழப்பீட்டுப் பொறுப்பு குழுமத்தின் மேல் ஏறவேண்டும். இவ்விரண்டும் இல்லாதவரை, இந்த முறையைச் சிறந்த தீர்ப்பாயம் என்று சொல்லலாம். முழுமையான நீதி என்று சொல்லமுடியாது.